தோப்புக்கு நடுவே வீடு: வாய்க்காலைப் பார்க்காமல் குடிபோகாதீர்கள்

இயற்கையோடு ஒட்டி வாழலாம் என்று திட்டமிட்டுக் கட்டிய புறநகர்க் குடியிருப்புகளில் வீடு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெயில் நாளாகப் பார்த்துப் போகிறார்கள். நடைபாதை, குளம், மரநிழல், பறவைச் சத்தம் எல்லாம் பிடித்துப்போய்க் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். போகவேண்டியது நல்ல மழை விட்ட மறுநாள் காலையில். அன்றைக்குத்தான் அந்த இடம் எப்படி இயங்குகிறது என்பது தெரியும்.

இந்த மாதிரிக் குடியிருப்புகள் பலவற்றில் பூமிக்கடியில் மழைநீர்க் குழாய் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். கூரையில் விழுகிற தண்ணீரும் தெருவில் விழுகிற தண்ணீரும் புல் முளைத்த, ஆழமில்லாத வாய்க்கால்கள் வழியாகவே போயாகவேண்டும். அந்த வாய்க்கால் உங்கள் கொல்லையில், உங்கள் பத்திரத்தில் அடங்கிய நிலத்திலேயே ஓடலாம். அதில் நாலு கூடை மண்ணைக் கொட்டி மேடாக்கினால் மேல்பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டுச் சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால் அடியில் பெரும்பாலும் இந்த மண்தான் இருக்கும்.

இது புது யோசனை இல்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் மைக்கேல் கார்பெட், ஜூடி கார்பெட் தம்பதி 1970-களில் சுமார் 70 ஏக்கரில் கட்டிய வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில் மழைநீர் பெரும்பாலும் திறந்த வாய்க்கால்களில்தான் ஓடியது. இது சரிப்பட்டு வராது என்று நகராட்சித் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. வாய்க்கால்கள் தாக்குப்பிடித்தன. வீடுகள் எட்டு எட்டாகச் சேர்ந்து ஒரு பொது நிலத்தைப் பங்குபோடும் அமைப்பும் அங்கே உண்டு. வீட்டு முகப்பைப் பசுமை நிலத்தின் பக்கம் திருப்பி, காரைப் பின்பக்கம் தள்ளும் ஏற்பாடு இன்னும் பழையது. கிளாரன்ஸ் ஸ்டைனும் ஹென்றி ரைட்டும் திட்டமிட்ட நியூ ஜெர்சி ராட்பர்ன், 1929-லேயே அப்படித்தான் கட்டப்பட்டது.

டெக்சாஸில் 1974-ல் திறந்த தி வுட்லேண்ட்ஸ் கதை வேறு மாதிரி. நிலவடிவமைப்பாளர் இயன் மெக்ஹார்கின் திட்டப்படி முதலில் கட்டிய பகுதிகளில் இயற்கையான நீரோட்டத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். பின்னால் வந்த பகுதிகள் வழக்கமான ஓரக்கல், பாதாளக் குழாய்க்குத் திரும்பிவிட்டன. திறந்த வாய்க்கால் பார்க்க நன்றாக இல்லை என்ற குறையும் அதற்கு ஒரு காரணம். எனவே இதில் பொறியியல் பாதிதான். அங்கே வாழ்கிறவர்களுக்கு வாய்க்கால் எதற்கு இருக்கிறது என்று தெரிந்திருப்பது மீதிப் பாதி.

வாய்க்காலைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். நீளவாக்கில் சரிவு 100 மீட்டருக்கு 1 முதல் 4 மீட்டர் இருந்தால் நல்லது. 1-க்குக் கீழே போனால் தண்ணீர் அங்கங்கே தேங்கும். 4-ஐத் தாண்டினால் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். பக்கக் கரை 1 மீட்டர் இறங்க 3 மீட்டராவது சாய்ந்திருக்கவேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் புல்வெட்டும் வண்டி சாயும், கரையும் சரியும். புல்லின் உயரம் 10 முதல் 15 செ.மீ. மொட்டையாக வெட்டினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் வண்டலைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் புல்தான். மழை பெய்து இரண்டு நாள்வரை வாய்க்காலில் வண்டி இறக்கக்கூடாது. ஈர மண்ணில் சக்கரம் போன தடம் காய்ந்தால் செங்கல்லாகிவிடும். அடுத்த மழைக்கு அந்தத் தடத்தில்தான் குட்டை கட்டும்.

சரிவு அதிகமான இடத்தில் கல் அடுக்கித் தடுப்பணை போடுவார்கள். இடைவெளிக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: கீழணையின் தலை, மேலணையின் அடியோடு ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். சரிவு நூற்றுக்கு 3, அணையின் உயரம் 30 செ.மீ. என்றால் 10 மீட்டருக்கு ஓர் அணை. தடுப்பணையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்கவேண்டும், ஏரிக்குக் கலங்கல் விடுவதுபோல. நடுவையும் ஓரத்தையும் ஒரே மட்டமாகக் கட்டிவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போய்க் கரையைத் தின்னும். ஒரு மழைக்காலத்துக்குள் அணை தனியாக நிற்கும், வாய்க்கால் பக்கத்தில் புதிதாக ஓடும்.

அதிகமாகக் கெடுவது வாய்மடைதான். தெருத் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்க ஓரக்கல்லில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் அங்கே வேகம் குறைவதால் மணலும் சருகும் முதலில் அங்கேதான் படியும். படிந்த மண்ணில் புல் முளைக்கும், புல் இன்னும் மண்ணைப் பிடிக்கும். இரண்டே வருடத்தில் தெரு மட்டத்துக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் ஒரு வரப்பு உருவாகிவிடும். தண்ணீர் அதை ஏறமுடியாமல் தெருவோடு நேரே ஓடி, கடைசியில் தாழ்வான வீட்டுக்குள் புகும். எல்லாரும் குழாய் போடாத பில்டரைத் திட்டுவார்கள். ஒரு மண்வெட்டியும் அரைமணி நேரமும் போதும். வாய்மடைக்கு உள்பக்கம் தெரு மட்டத்தைவிட 5 செ.மீ. தாழ்வாக வெட்டி, அங்கே கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்பிவிட்டால் வண்டல் அந்தக் கல்பரப்பில் தங்கும். ஆண்டுக்கு இரண்டு முறை அள்ளிப்போட்டால் சரி. வாய்க்காலின் மற்ற நீளத்தில் வண்டல் 7, 8 செ.மீ. ஏறியதும் தூர்வாரவேண்டும். அளக்க ஓர் இரும்புக் கம்பியைக் குறி வைத்து நட்டுவிடுங்கள், கண்மதிப்பை நம்பவேண்டாம்.

கொசு வருமே என்பது எல்லாரும் கேட்பது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக, வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாள் ஆகும். வாய்க்காலில் தண்ணீர் 2 நாளில் வடிந்தால் கொசு அங்கே பிறக்க வழியில்லை. 3 நாளுக்கு மேல் நின்றால் அது வாய்க்காலின் குறை, திருத்தவேண்டும். உண்மையில் கொசு பிறக்கிற இடம் பூந்தொட்டித் தட்டு, அடைத்த கூரைத் தூம்பு, கவிழ்க்காத வாளி. வடியவே வடியாத ஓரிடம் இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா வில்லைகளைப் போடலாம். அது கொசுப்புழுவைக் கொல்லும், மீனுக்கும் தவளைக்கும் கெடுதல் செய்யாது. மாலையில் புகை அடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். புகை தும்பியையும் சேர்த்துக் கொல்லும், தும்பியோ கொசுவைத் தின்கிற பூச்சி.

வீட்டு மனைக்குள் மழைத்தோட்டம், அதாவது கூரைத் தண்ணீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப்பள்ளம், போடச் சொல்லி விதி இருந்தால் அதையும் கணக்குப் போட்டே செய்யுங்கள். 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழைக்கு 2,500 லிட்டர். தெறித்ததும் கூரை உறிஞ்சியதும் போக 2,250 லிட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். 15 சதுர மீட்டர் பரப்பில் 15 செ.மீ. ஆழப் பள்ளம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அடிப்பாகம் மட்டமாக இருக்கவேண்டும். கிண்ணம்போல் வெட்டினால் கொள்ளளவு பாதியாகிவிடும். அஸ்திவாரத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு மேலே வேண்டாம், பெரிய மரத்தின் அடியிலும் வேண்டாம், வேர் அறுபடும்.

வெட்டுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கவேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஸ்கேலை நட்டு, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை இறங்குவதை எண்ணக்கூடாது, காய்ந்த மண் எதையும் குடிக்கும். மணிக்கு 1.25 செ.மீ.க்குக் கீழே என்றால் அந்த இடம் ஆகாது. வேறு இடம் பார்க்கவேண்டும், அல்லது அடியில் ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்து வெளியே வடியவிடவேண்டும். மூடாக்காகக் கட்டை மரச்சில்லுகளைப் போடாதீர்கள். முதல் கனமழையில் எல்லாம் மிதந்து வாய்க்காலை அடைக்கும். நாராக உரித்த மரப்பட்டை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும், நகராது.

பேவர் பிளாக் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் உறிஞ்சும் வகைக் கற்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளில் மணல் போடக்கூடாது. பொடிஜல்லிதான். சாதாரண பேவர் பதித்துப் பழகிய ஆட்கள் கைப்பழக்கத்தில் மணலைக் கூட்டித் தள்ளிவிடுவார்கள், அன்றோடு உறிஞ்சுதல் நின்றது. அதன்மேல் தோட்ட மண்ணையோ எருவையோ ஒருநாள்கூடக் கொட்டி வைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்யவேண்டும்.

எல்லா வாய்க்காலும் போய்ச் சேருமிடம் குளம். இலினாய் மாநிலத்தின் கிரேஸ்லேக்கில் உள்ள பிரெய்ரி கிராசிங், 677 ஏக்கரில் 359 வீடுகள் கொண்ட குடியிருப்பு. நிலத்தில் பாதிக்கும் மேல் கட்டடமில்லாமல் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே மழைநீர் நேராக ஏரிக்குப் போவதில்லை. முதலில் வாய்க்கால், அடுத்து புல்வெளி, அப்புறம் சதுப்பு, கடைசியில்தான் ஏரி. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் மண்ணும் கொஞ்சம் சத்தும் இறங்கிவிடும். உங்கள் குடியிருப்பில் வாய்க்கால் நேராகக் குளத்தில் விழுகிறது என்றால் குளம் சீக்கிரம் பச்சையாகும். அதற்கு யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை, வரைபடமே அப்படி.

குளம் பச்சையாவதற்குக் காரணம் பாஸ்பரஸ். புல்தரைக்குப் போடும் உரம், நாயின் கழிவு, ஊதும் இயந்திரத்தால் தெருவுக்குத் தள்ளிய புல்வெட்டு, சருகு எல்லாமே பாஸ்பரஸ்தான். குளக்கரையில் 3 முதல் 6 மீட்டர் அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் உயரமாக விடுவதுதான் மலிவான வைத்தியம். குளம் தெரியவில்லை என்று யாராவது வெட்டச் சொல்வார்கள். பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு மூன்று இடத்தில் வழி வெட்டிக்கொடுங்கள், மீதியை விட்டுவிடுங்கள்.

பாசியைக் கொல்ல மருந்து அடிக்கும்போது நடக்கிற விபத்து ஒன்று உண்டு. முழுக் குளத்துக்கும் ஒரே நாளில் அடித்தால் செத்த பாசி அழுகி நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அப்போது கரையில் நின்று பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடும். வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வயிறுகள் மிதக்க ஆரம்பித்துவிடும். மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு மட்டும் அடித்து, இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்குக்குப் போகவேண்டும். காற்றூட்டும் இயந்திரம் இருந்தால் அந்த நாள்களில் இரவிலும் ஓடட்டும். மின்சாரம் மிச்சம் என்று இரவில் நிறுத்திவைக்கிறார்கள். அது தலைகீழ், பகலில் பாசியும் நீர்ச்செடியுமே ஆக்சிஜன் கொடுத்துவிடும்.

வீட்டில் வளர்த்து அலுத்துப்போன மீனையும் ஆமையையும் குளத்தில் விடக்கூடாது. தங்கமீன் சின்னத் தொட்டியில் பாவமாக இருக்கும். குளத்தில் விட்டால் அடிமண்ணைக் கிளறிக் கிளறித் தண்ணீரையே கலக்கிவிடும்.

மரத்துக்கு வருவோம். புது மரங்கள் பல சாவது ஆழமாக நடுவதால். குழி தாய்மண்ணின் (கன்றின் வேரோடு சேர்ந்து வரும் மண்கட்டியின்) அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கலாம், ஆழம் மட்டும் தாய்மண்ணின் உயரத்தைத் தாண்டக்கூடாது. அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் வெளியே தெரியவேண்டும். அது மண்ணுக்குள் போய்விட்டால் பட்டை அழுகும். உடனே சாகாது, ஐந்தாறு வருடம் கழித்து, யார் நட்டது என்று எல்லாரும் மறந்த பிறகு பட்டுப்போகும். மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், அடிமரத்தைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டுப் பரப்புங்கள். எரிமலைபோல் அடிமரத்தைச் சுற்றிக் குவிப்பது எல்லாக் குடியிருப்பிலும் காணக்கிடைக்கும் பெரிய தவறு. முட்டுக்கொடுத்த கம்பை ஒரு வருடத்தில் எடுத்துவிடவேண்டும். காற்றில் ஆடினால்தான் அடிமரம் பருக்கும். வேர் கழிவுநீர்க் குழாயை உடைத்துவிட்டது என்று மரத்தை வெட்ட மனு போடுவார்கள். இறுக்கமான குழாயை வேர் தேடிப் போய் உடைப்பது அபூர்வம். இணைப்பில் கசிவு இருந்தால் ஈரத்தைப் பிடித்து உள்ளே புகும். முதலில் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொதுநிலத்தில் காட்டுப்புல்லும் பூச்செடியும் விதைத்தால் முதல் இரண்டு வருடம் களைக்காடாகத்தான் தெரியும். அந்த மண்ணுக்குரிய பல்லாண்டுச் செடிகள் முதலில் வேரைத்தான் விடும். முதல் வருடம் களை 30 செ.மீ. வளர்ந்ததும் 15 செ.மீ.க்கு வெட்டிக்கொண்டே இருக்கவேண்டும். களை பூக்கவும் விதைக்கவும் இடம் கொடுக்கக்கூடாது. மூன்றாம் வருடம்தான் பூக்கள் நிறைந்து தெரியும். இந்த மூன்று வருடப் பொறுமை இல்லாத குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இரண்டாம் வருடமே உழுது புல்தரை போடத் தீர்மானம் வந்துவிடும். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. நடைபாதை ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் சீராகப் புல்லை வெட்டி வையுங்கள். உள்ளே எவ்வளவு காடாக இருந்தாலும் ஓரம் நேராக இருந்தால் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பாம்பு வரும். வரத்தான் செய்யும், அதுவும் சேர்த்துத்தான் இந்த இடம். எலி இருந்தால் பாம்பு, விறகுக்குவியல் இருந்தால் எலி. விறகைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயர்த்தி அடுக்குங்கள். கதவுக்கடியில் 6 மி.மீ.க்கு மேல் சந்து இருந்தால் அடையுங்கள். வளர்ப்பு விலங்கின் சாப்பாட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள். எலி விஷம் மட்டும் வேண்டாம். புரோடிஃபாக்கூம் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். அந்தத் தள்ளாடும் எலிதான் ஆந்தைக்குச் சுலபமாகக் கிடைப்பது. ஆந்தை போனால் எலி பெருகும்.

தெருவிளக்கும் வீட்டுவிளக்கும் 3000 கெல்வினுக்குக் கீழே, மஞ்சள் சாய்ந்த நிறத்தில், ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மறைப்பு வைத்து. கண்ணாடியில் பறவை மோதுகிறது என்றால் பருந்துப் படம் ஒன்றை ஒட்டுவதால் பலனில்லை. பறவை அதைச் சுற்றிக்கொண்டு வந்து மோதும். 5 செ.மீ.க்கு ஒன்றாகப் புள்ளிகள், கண்ணாடி முழுக்க, அதுவும் வெளிப்பக்கம்.

வாங்குவதற்கு முன் கேட்டு வாங்கவேண்டிய காகிதங்கள்: கட்டி முடித்த பின் எடுத்த மட்ட வரைபடம், உங்கள் மனையில் வாய்க்காலுக்கான ஈஸ்மென்ட் (தண்ணீர் போக நீங்கள் விட்டுவைக்கவேண்டிய வழியுரிமை) எந்தக் கோட்டில் போகிறது, பொதுநிலம் யார் பெயரில் இருக்கிறது, அதில் கட்டக்கூடாது என்ற நிபந்தனை நிரந்தரமா அல்லது பில்டர் மாற்றிக்கொள்ளலாமா, சங்கத்தின் ரிசர்வ் ஃபண்ட் எவ்வளவு. மாதச் சந்தா குறைவு என்று மகிழவேண்டாம். குளம் தூர்வாருவது 15 வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவென்று வைத்துக்கொண்டால், அதில் 15-ல் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். கணக்கில் அந்த வரியே இல்லையென்றால் பதினைந்தாம் வருடம் வீட்டுக்கு வீடு ஒரே தவணையில் கேட்பார்கள்.

பில்டர் சங்கத்திடம் ஒப்படைக்கும் நாள்தான் மிக முக்கியமானது, பெரும்பாலும் அன்றைக்குத்தான் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசி வீடுகள் கட்டும்போது அடித்துவந்த சிமென்ட் நீரும் களிமண்ணும் கீழ்ப்பக்கத்து வாய்க்கால்களின் அடியில் தோல்போல் படிந்து கிடக்கும். மேலே புதுப் புல்பத்தை விரித்திருப்பதால் தெரியாது. ஓர் ஓரத்தில் பத்தையைத் தூக்கிவிட்டு, முன்னே சொன்ன குழிச் சோதனையை வாய்க்காலுக்குள்ளேயே செய்யுங்கள். ஒவ்வொரு வாய்க்காலிலும் மேல்முனை, நடு, கீழ்முனை என மூன்று குழி. தண்ணீர் இறங்காத வாய்க்காலில் மேல் 15 செ.மீ. மண்ணை எடுத்துவிட்டு, அடியைக் கிளறி, மக்கிய எரு கலந்து திரும்பப் போட்டுக்கொடுக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அதுவரை ஒப்படைப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டாம்.